ஜெரி ஸ்டகுராவின் மூன்றாம் பேஸ்

பால்டிமோர் துறைமுகத்தை ஒட்டிய சந்தையில் ஜெரி ஸ்டகுராவிடம் கறி வாங்க வந்தவர்கள் முதலில் ஒரு பரீட்சை எழுதியாக வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கத்தியும் கையுமாக நிற்பாள். எதிரே நிற்பது மேயரானாலும் மீன்காரியானாலும் அவளுக்கு எல்லோரும் கண்ணுதான்.

"கண்ணு, மொதல்ல ஒண்ணு சொல்லு. மூணாவது பேஸ்ல நின்னவங்கள்லயே யாரு பெரிய ஆளு?"

"ப்ரூக்ஸ் ராபின்சன்" என்றால் உப்பிட்டு வேகவைத்த பன்றித் தொடையின் நடுப்பாகம், இலை மாதிரி மெல்லிசாக. வேறு யார் பேரைச் சொன்னாலும் கயிறு கட்டிய ஓரத் துண்டு, தோலும் கொழுப்புமாக. "எனக்கு பேஸ்பாலே தெரியாதே" என்று யாராவது உளறிவிட்டால் அவர்கள் கதி அதோகதி. பின்னால் வரிசை நீண்டாலும் சரி, ஜெரி கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பாடம் எடுப்பாள். பந்தை அடித்தவன் ஓடித் தொட்டு வர வேண்டிய மூலை நாலு, ஒவ்வொன்றும் ஒரு பேஸ். வலதுகைக்காரன் இழுத்து அடித்தால் பந்து நேரே மூன்றாம் பேஸுக்குத்தான் போகும். அதனால்தான் அதற்குச் சூடான மூலை என்று பேர். அங்கே நிற்கிறவனுக்குக் கண் சிமிட்ட நேரம் கிடையாது. பந்தைப் பிடிக்கிறதோடு வேலையும் முடியாது. அடித்தவன் முதல் பேஸுக்கு ஓடிச் சேர்வதற்குள் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எறிந்து அவனை அவுட்டாக்க வேண்டும்.

இதைச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. சந்தைப் பெண்களின் சாஃப்ட்பால் அணியில் அவள்தான் மூன்றாம் பேஸ். இருபது வயதில் ஒரு பந்து தரையில் குதித்து அவள் மூக்கின் மேல் இறங்கியது. அன்றிலிருந்து மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் பார்க்கும். ரத்தம் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்த மூக்க வச்சுக்கிட்டு உன்ன எவன்டி கட்டுவான்?"

"அத விடும்மா. எறிஞ்சேன்ல, ஆளு அவுட்டு."

பால்டிமோர் அணியின் ப்ரூக்ஸ் ராபின்சன் அவள் வாழ்க்கைக்குள் அதற்கும் முன்பே வந்துவிட்டார். அவளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, பேஸ்பாலின் வருஷக் கோப்பைக்கான உலகத் தொடரில் சின்சினாட்டியோடு முதல் ஆட்டம். வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தாள். பந்து அவரைத் தாண்டிப் போய்விட்டது. அவரும் அதன் பின்னாலேயே ஓடி, கோட்டுக்கு வெளியே போய், முதுகு மைதானத்தைப் பார்க்க அதைக் கைப்பற்றி, அப்படியே உடம்பைச் சுழற்றி வீசினார். பந்து ஒரு குதி குதித்து முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆள் அவுட். ஜெரியின் அப்பா கையிலிருந்த பீரை மடியில் ஊற்றிக்கொண்டார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெரி சிலுவை போடவில்லை. ஆனால் அன்றைக்கே மதம் மாறிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

எண்பத்திரண்டாம் ஆண்டு வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, சிவப்புத் தொப்பி போட்ட ஒருவன் கடைக்கு முன்னால் வந்து நின்றான். தொப்பியில் பிலடெல்பியா அணியின் எழுத்து. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டப் புதிதாக வந்தவன். பேர் கார்மைன் டினார்டோ.

"தொடைக் கறி அரை பவுண்டு. மெல்லிசா வெட்டு."

"கண்ணு, மொதல்ல ஒண்ணு சொல்லு. மூணாவது பேஸ்ல…"

"ஷ்மிட்."

"யாரு?"

"மைக் ஷ்மிட். காது கேக்காதா?"

"நல்லாவே கேட்டுச்சு. நீ திருந்தறதுக்கு ஒரு சான்ஸ் குடுத்தேன்."

ஓரத் துண்டிலும் மிக மோசமான ஓரமாகப் பொறுக்கி, கயிற்றோடு வெட்டிக் காகிதத்தில் சுற்றி நீட்டினாள். அவன் அங்கேயே பிரித்தான். கயிற்றை உருவிப் போட்டுவிட்டு ஒரு கடி கடித்து, மாடு அசை போடுவது மாதிரி நிதானமாக மென்று விழுங்கினான்.

"அருமை. அடுத்த சனிக்கிழமையும் இதையே எடுத்து வை."

அவன் போன பிறகும் ஜெரி கத்தியை ஓங்கியபடியே நின்றாள். எதிர்க்கடையில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்த அலோன்சோ பர்னெல் தலையைத் தூக்கினார். அறுபது வயது, கறுப்பர், சந்தையில் எல்லோருக்கும் மிஸ்டர் பர்னெல்.

"ஏம்மா ஜெரி, உன் மூஞ்சி கடைசியா இவ்ளோ சிவந்தது பந்து பட்ட அன்னிக்குத்தானே?"

"உங்க சிப்பியப் பாருங்க, மிஸ்டர் பர்னெல்."

அவன் எல்லாச் சனிக்கிழமையும் வந்தான். ஓரத் துண்டையே தின்றான். சண்டையும் போட்டான். ஷ்மிட் அடிக்கும் ஹோம் ரன் ஒவ்வொன்றும் அடுத்த மாவட்டத்தில்தான் இறங்கும் என்பான். உன் ராபின்சன் அடித்தால் பந்து வெட்கப்பட்டுக்கொண்டே உருளும் என்பான். ஷ்மிட் ஆடினால் சொந்த ஊர்க்காரனே ஊளையிடுகிறானே, அது என்ன சேதி என்று அவள் கேட்பாள். பிலடெல்பியாவில் ஊளையிடாமல் விட்டால்தான் அவமானம் என்பான் அவன். வரிசையில் நிற்பவர்கள் கறியை மறந்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். முதலாளி ஒரு முறை கண்டிக்கலாமென்று வந்து, முடிவில் ஷ்மிட்டின் முழங்காலைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வருஷம் போனது. கோடையில் ஒரு நாள் கார்மைன் பெட்டிக் கண்ணாடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"எந்த ஊர்ல?"

"பிலடெல்பியாலதான். எங்கம்மா வேற எங்கயும் வர மாட்டா."

"அப்ப வேணாம்."

"நெஜமாவா?"

"என் கல்யாணம் நான் ஞானஸ்நானம் வாங்கின கோயில்லதான். இல்லேன்னா இல்ல."

பர்னெல் சிப்பிக் கத்தியை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே வழக்கைத் தீர்த்து வைத்தார். "எதுக்கு வம்பு? இந்த வருஷம் ரெண்டு ஊரும் நல்லாத்தான் ஆடுது. உலகத் தொடர்ல ரெண்டும் மோதினா, ஜெயிக்கற ஊர்ல கல்யாணம். மோதலேன்னா நீங்களே அடிச்சுக்குங்க."

சிரித்துவிட்டுக் கலைந்தார்கள். அக்டோபர் வந்தது. இரண்டு ஊரும் மோதின.

அந்தத் தொடரில் நடந்ததைப் பால்டிமோரில் சின்னக் குழந்தையும் சொல்லும். ஐந்து ஆட்டத்தில் நாலு பால்டிமோருக்கு. மைக் ஷ்மிட் இருபது முறை மட்டை பிடித்தார், பேஸை எட்டும் அடி ஒன்றே ஒன்று. ராபின்சன் ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியிருந்தது. அதெல்லாம் ஜெரிக்கு ஒரு பொருட்டில்லை. அவள் வாரம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தாள். சனிக்கிழமை கார்மைன் வந்ததும் எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது என்றெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை வந்தான். எழவு வீட்டிலிருந்து நேரே வந்தவன் மாதிரி இருந்தான். சவரம் செய்யவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

"அரை பவுண்டு," என்றான். அவ்வளவுதான்.

அடுக்கி வைத்ததையெல்லாம் ஜெரி அப்படியே விட்டுவிட்டாள். புதுத் தொடையை எடுத்தாள். நடுப்பாகத்தை மெல்லிசாக வெட்டி, மடித்து, நீட்டினாள். அவன் பிரித்துப் பார்த்தான். முகம் இன்னும் இருண்டது.

"இது நடுப்பாகம்."

"ஆமா."

"எனக்கு எரக்கம் காட்டாத, ஜெரி. என் துண்டு எங்க?"

அவள் நடுப்பாகத்தைத் திரும்ப வாங்கித் தராசில் போட்டாள். ஓரத் துண்டை எடுத்துப் பொத்தென்று அவன் கையில் வைத்தாள்.

"இருபதுக்கு ஒண்ணு! எங்கம்மா கண்ணக் கட்டிக்கிட்டு அடிச்சாக்கூட ரெண்டு அடிப்பாடா!"

கார்மைன் அந்த வாரத்தில் முதன்முறையாகச் சிரித்தான். சிரித்து, புரையேறி, தண்ணீர் கேட்டான். பர்னெல் எதிர்க்கடையிலிருந்து கத்தினார்: "கல்யாணத்துக்குச் சிப்பி என் பொறுப்பு!"

பிப்ரவரியில் பால்டிமோரின் ஹைலண்டவுன் மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது. எங்கும் வர மாட்டேனென்ற மாமியார், இரண்டு பேருந்து நிறைய உறவுக்காரர்களோடு வந்தாள். விருந்தில் ஜெரியின் அண்ணன் லியான் கோப்பையைத் தூக்கி, "ப்ரூக்ஸுக்கு!" என்றதும் பிலடெல்பியா மேசைகள் மொத்தமும் ஊளையிட்டன. ஜெரியின் அம்மா மிரண்டுபோனாள். "மரியாதைதான் அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க," என்று கார்மைன் சமாதானம் சொன்னான்.

சண்டை கடையிலிருந்து வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. மற்ற வீட்டில் உப்பு அதிகம், துண்டு ஈரம் என்று சண்டை வரும். இந்த வீட்டில் எங்கே தொடங்கினாலும் மூன்றாம் பேஸில்தான் போய் முடியும். "குப்பையக் கொண்டு போய்ப் போடேன்" என்றால், "உன் ராபின்சன வரச் சொல்லு, அவன்தான் கீழ கெடக்கற எல்லாத்தையும் எடுப்பானே" என்று பதில் வரும். மேல்வீட்டுக்காரி கோயிலில் போய்ப் பிரார்த்தனைக்குப் பேர் கொடுத்தாள். அப்படித்தான் விஷயம் ஃபாதர் காஸிமிர் காதுக்குப் போனது.

ஃபாதருக்கு வேறு கவலை. ஜனவரி மாதம். பேஸ்பால் கிடையாது, குளிரில் பங்கு மண்டபத்துக்கு ஈ காக்கை வருவதில்லை. இருவரையும் கூப்பிட்டார்.

"நீங்க வீட்ல போடற சண்டைய மேடைல போடுங்க. மேலே இருக்கறவங்களாவது தூங்கட்டும். சாப்பாட்டோட ஒரு பட்டிமன்றமா வச்சுக்கலாம். எந்தக் காலத்து ஆளா இருந்தாலும் சரி, மூணாவது பேஸ்ல யாரு பெரியவர்? நான் நடுவர்."

"மூணாவதா ஒரு ஆளு வேணுமே ஃபாதர்," என்றாள் ஜெரி. "மிஸ்டர் பர்னெலைக் கேப்போம். அவரு எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருக்காரு. யாரு கட்சின்னு இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்ல."

பர்னெலைக் கேட்டார்கள். அவர் கையிலிருந்த சிப்பியைக் கீழே வைத்தார். "என் ஆளு வேற," என்றார். "சரி, வரேன்."

அன்றைக்கு மண்டபம் வழிந்தது. மேடைக்குக் கீழே நீள மேசையில் சாப்பாடு: கில்பாசா சாசேஜ், உருளைக்கிழங்கு, பெரிய அண்டா நிறையப் புளித்த முட்டைக்கோஸ்.

கார்மைன் முதலில் ஏறினான். சுருள் சுருளான பொய்முடியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்தான். முந்தின கோடையில் ஷ்மிட் தன் ஊர் ரசிகர்களைத் திட்டிப் பேட்டி கொடுத்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு இப்படித்தான் வேஷம் போட்டு மைதானத்தில் இறங்கினார். ஊளையிட வந்த கூட்டம் கைதட்டியது. மண்டபமும் தட்டியது. எதிரி என்றாலும் வேஷத்துக்கு ஒரு மரியாதை உண்டல்லவா.

"மக்களே, நான் அடக்கமாத்தான் பேசப் போறேன்," என்று ஆரம்பித்தான். "பந்து பிடிக்கறதுக்குத் தங்கக் கையுறை விருது தருவாங்க. எங்க ஆளு அதையும் வாங்கியிருக்காரு, வருஷா வருஷம். ஹோம் ரன்லயும் அவருதான் முன்னால. ரெண்டு வேலையும் ஒரே ஆளு செய்யறாரு. உங்க ஆளு? ஒரே அடி, மூணு பேரு அவுட்டு. கேள்விப்பட்டிருக்கீங்களா? பேஸ்ல நிக்கற தன் கூட்டாளி ரெண்டு பேரையும் சேத்துப் பலி குடுக்கறது. அத ஒரு மனுஷன் வாழ்நாள்ல ஒரு தடவ செஞ்சாலே கெட்ட கனவு. ராபின்சன் நாலு தடவ செஞ்சிருக்கான்! இந்த விளையாட்டு தோன்றினதுலேர்ந்து அப்படி ஒரு சாதனை வேற யாருக்கும் இல்ல!"

அது உண்மை. அதனால்தான் மண்டபம் கொதித்தது. யாரோ ஒரு சாசேஜை எறிந்தார்கள். கார்மைன் அதைப் பிடிக்கப் போய்த் தவற விட்டான்.

"கையுறை எங்கடா?" என்று லியான் கத்தினான்.

அடுத்து பர்னெல். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என் ஆளு பேரு ஜூடி ஜான்சன்," என்றார். "ஆம்பளதான், சிரிக்காதீங்க. உண்மைப் பேரு வில்லியம். ஜூடின்னு வேற ஒருத்தர் ஜாடையில இருந்ததால அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. இதே மேரிலாண்டு மாநிலத்துல, எங்க ஊரு ஸ்னோ ஹில்லுலதான் பிறந்தாரு. பிலடெல்பியா பக்கம் கறுப்பர் அணியில ஆடினாரு. பெரிய லீக்ல ஏன் ஆடலேன்னு கேக்காதீங்க. உங்களுக்கே தெரியும். கதவு சாத்தியிருந்துச்சு."

பர்னெல் தொப்பியை அடுத்த கைக்கு மாற்றினார்.

"நான் அவர ஒரே ஒரு தடவதான் பாத்தேன். அப்ப நான் சின்னப் பையன். டிக்கெட்டுக்குக் காசு இல்ல. வேலிக்கு வெளிய ஒரு மரத்துல ஏறினேன். ஏறின பிற்பாடுதான் தெரிஞ்சுது, மூணாவது பேஸுக்கு நேரா ஒரு கிளை. ஒரே இலை. ஆளே தெரியல."

"அப்ப எப்படிப் பாத்தீங்க?" என்றார் ஃபாதர்.

"பாக்கல ஃபாதர். மட்டை சத்தம் கேக்கும். பந்து வந்து இலைக்குள்ள போகும். அந்தப் பக்கம் இலைக்குள்ளேர்ந்து பந்து வெளிய வரும், நேரா முதல் பேஸுக்கு. மறுபடி சத்தம். மறுபடி உள்ள. மறுபடி வெளிய. அன்னிக்குப் பூரா அப்படித்தான். உள்ள போனதுல ஒண்ணு பாக்கியில்லாம வெளிய வந்துச்சு. நான் பாத்த மூணாவது பேஸ் அதுதான். மத்ததெல்லாம் படத்தோட பாக்கறோம், பெரிசா பாக்கறோம், திருப்பித் திருப்பிப் பாக்கறோம். எங்க ஆளுக்குப் படம் இல்ல. அவ்ளோதான்."

அவர் உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. தட்டக் கூடாதென்றல்ல, தட்டினால் என்னவோ உடைந்துவிடும் போலிருந்தது. அடுத்து ஜெரி மேடைக்கு ஏறினாள். வீட்டிலிருந்து தூசி உறிஞ்சும் மெஷினைத் தூக்கி வந்திருந்தாள். ராபின்சனுக்கு அதுதான் பட்டப்பேர், அதை ஓட்டிக் காட்டிச் சிரிக்க வைக்கலாமென்று திட்டம். இப்போது அதைப் பார்த்தாலே அசிங்கமாக இருந்தது. காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"ப்ரூக்ஸ் இடது கையால சாப்பிடுவாரு, இடது கையால எழுதுவாரு, எறியறது மட்டும் வலது கை," என்று ஆரம்பித்தாள். குரல் எடுபடவில்லை. எண்களைச் சொன்னாள். பின் வரிசையில் ஒருவர் உருளைக்கிழங்கை எடுக்க எழுந்தார். பேச்சால் இது ஆகாது என்று ஜெரிக்குப் புரிந்துவிட்டது.

"லியான்! பந்து இருக்கா?"

லியான் பையில் பந்து இல்லாமல் ஞானஸ்நானத்துக்குக்கூடப் போகாதவன். "இருக்கு."

"அங்கேர்ந்து தரையோட விடு. எனக்கு வலப்பக்கமா. சின்சினாட்டி ஆட்டத்துல அவரு பிடிச்சாரே, அது மாதிரி பிடிச்சுக் காட்டறேன். எல்லாரும் பாருங்க."

"ஜெரி, மேடை சின்னது," என்றான் கார்மைன். பொய்முடியைக் கழற்றியிருந்தான்.

"நீ சும்மா இரு."

லியான் மெதுவாகத்தான் விட்டிருக்க வேண்டும். ஆனால் அவன் மூன்று கோப்பை பீர் குடித்திருந்தான், தங்கை மேல் சிறு வயதுப் பாக்கி ஏதோ வேறு இருந்தது. பந்து சீறிக்கொண்டு வந்தது. ஜெரி வலப்பக்கம் பாய்ந்தாள். புறங்கையை நீட்டினாள். பாய்ச்சல் அழகாகத்தான் இருந்தது. மேடை முடிந்துபோனதுதான் தப்பு. காற்றில் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. அடுத்த கணம் சாப்பாட்டு மேசை, அண்டா, முட்டைக்கோஸ், ஜெரி எல்லாம் ஒன்றாக விழுந்த ஓசையில் மேரி மாதா படம் சாய்ந்தது.

கார்மைன் மேடையிலிருந்து குதித்தான். குவியலைக் கைகளால் விலக்கினான். அவள் முகம் தெரிந்ததும் முதலில் அவன் கேட்டது வலிக்கிறதா என்றல்ல.

"பந்து?"

முட்டைக்கோஸுக்குள்ளிருந்து ஒரு கை மெல்ல மேலே வந்தது. கையில் பந்து.

"அவுட்டு!" என்று ஃபாதர் காஸிமிர் கட்டை விரலை ஆட்டிக் கத்தினார். பிற்பாடு அதற்காக அவர் வெட்கப்பட்டார்.

பர்னெல் மெதுவாக வந்து குனிந்தார். அவள் தலையிலிருந்து ஒரு இலையை எடுத்தார். "உள்ள போச்சு, வெளிய வந்துடுச்சு," என்றார். அப்போதுதான் மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஜெரியும் சிரித்தாள். சிரித்த பிறகே தோள்பட்டை எலும்பு முறிந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

ஓட்டெடுப்பு நடக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். வீட்டில் கார்மைன்தான் அவளுக்குத் தலை வாரினான். பாரந்தூக்கி ஓட்டுகிற கை, சீப்பை இரும்புக் கொக்கி மாதிரி பிடித்தது.

"இழுக்காதடா!"

"ஆடாத. ராபின்சன் ஆடாமத்தான் நிப்பான்."

"ஷ்மிட் மாதிரி இருவதுல ஒண்ணாவது ஒழுங்கா வாரு."

இலையுதிர்காலத்தில் குழந்தை பிறந்தது. பெண். பேர் வைக்கும் சண்டை பிரசவ வலியோடு தொடங்கி அதைவிட நீண்ட நேரம் நடந்தது. அவளுக்கு ப்ரூக். அவனுக்கு மைக்கை நினைத்து மிஷேல். நர்ஸ் எழுத வந்து இரண்டு முறை திரும்பிப் போனாள். மூன்றாம் முறை இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"சாயந்தரம் ஷிஃப்ட் முடியுது. 'டினார்டோ குழந்தை'ன்னே எழுதிடட்டுமா?"

ஜெரி குழந்தையைப் பார்த்தாள். அது அவள் விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஜூடி," என்றாள்.

கார்மைன் யோசித்தான். "மேரிலாண்டுல பிறந்தவரு."

"பிலடெல்பியா பக்கம் ஆடினவரு."

"எங்கம்மாவும் ஒத்துக்குவா. பொம்பளப் பேருதான்."

திங்கட்கிழமை கார்மைன் சந்தைக்குப் போய் பர்னெலிடம் சொன்னான். அவர் ஐஸ் பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது கால்சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. அதோடு சந்தை முழுக்கச் சுற்றி வந்து ஒவ்வொரு கடையிலும் சொன்னார்: "ரெண்டு பேரும் நாலு வருஷம் அடிச்சுக்கிட்டாங்க. ஜெயிச்சது யாரு தெரியுமா?"

ஜூடிக்கு பேஸ்பால் பிடிக்கவே இல்லை. எறிந்த பந்து அருகே வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். பல் வைத்தியரானாள். பர்னெல் அவள் பட்டமளிப்புக்கு நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். அதற்கடுத்த குளிர்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

ப்ரூக்ஸ் ராபின்சன் இரண்டாயிரத்து இருபத்துமூன்றில், செப்டம்பர் கடைசியில் காலமானார். ஜெரி அப்போது வேலையிலிருந்து நின்றிருந்தாள். செய்தி வந்த மறுநாள் காலை கையில் பூவோடு மைதானத்து வாசலிலிருந்த அவர் சிலைக்குக் கிளம்பினாள். கார்மைன் கேட்காமலே கார்ச் சாவியை எடுத்தான். அதே சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் கார்க் கதவைத் திறந்தாள்.

வரிசை நீளமாக இருந்தது. அவர்களுக்கு முன்னால் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒருவன், டொமினிக்கன், லாரி ஓட்டுகிறவன். பேர் வில்கின் பெகேரோ என்று பிற்பாடு தெரிந்தது. கைப்பேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

"பெரிய ஆளுதான், அதான் வந்தேன். ஆனா மூணாவது பேஸ்ல எங்க நாட்டு பெல்ட்ரேகிட்ட நிக்க முடியுமா? மட்டை வேணாமா, மட்டை?"

ஜெரி வாயைத் திறப்பதற்குள் கார்மைன் அவன் தோளைத் தட்டிவிட்டான்.

"தம்பி, ஃபோன வை. அவரு ஆடின காலத்துல பந்து எறியறவன் நின்ன மேடு எவ்ளோ ஒசரம் தெரியுமா? அப்புறம் அதக் கொறச்சாங்க, அடிக்கறவன் பொழைக்கட்டும்னு. அந்த மேட்டுக்கு எதிர நின்னு அவரு அறுவத்தி நாலுல லீக்லயே சிறந்த ஆட்டக்காரன்னு பேர் வாங்கினாரு. மட்டை இல்லாமயா குடுத்தாங்க? இடது கையால எழுதுவாரு, இடது கையால சாப்பிடுவாரு, எறியறது வலது கை. கோட்டுக்கு வெளியேர்ந்து, முதுகு காட்டிக்கிட்டு எறிவாரு. நீ எறிவியா? உன் பெல்ட்ரே எறிவானா?"

"எறிவாரு," என்றான் வில்கின், விடாமல். பிறகு தொப்பியைப் பார்த்தான். "நீங்க… பிலடெல்பியா தானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

ஜெரி கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்கிற வரிசை. அவள் நிறுத்துகிற இடத்தில்தான் மூச்சுவிட்டான். நாற்பது வருஷமாக அவன் இவன் என்றே பேசிய வாய் அன்றைக்கு அவர் என்றது. அவனுக்கே அது தெரிந்த மாதிரி இல்லை.

"இத்தனையும் எப்படா மனப்பாடம் பண்ணின?"

"வீட்ல வேற ரேடியோ ஏது?"

சிலைக்கு முன்னால் வந்தார்கள். அவள் பூவை வைத்தாள். அவன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். துறைமுகத்துக் காற்று அவன் வழுக்கைத் தலையில் மிச்சமிருந்த நாலு முடியையும் நிமிர்த்தி வைத்தது. ஜெரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது வில்கின் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தான். அவனிடம் இன்னும் மறுப்புப் பாக்கி இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சாப்பிட்டாச்சா கண்ணு?" என்றாள் ஜெரி.

நண்டுக் கடை மேசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். செய்தித்தாள் விரித்து, மசாலா தூவிய நண்டைக் கொட்டினார்கள், மரச் சுத்தியலால் உடைத்தார்கள். வில்கின் கையைத் துடைத்துவிட்டுக் கைப்பேசியைப் பீர்க் குவளை மேல் சாய்த்து வைத்தான். அதில் பெல்ட்ரே ஒற்றை முழங்கால் மண்ணில் பட ஒரு பந்தை வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். கூட்டாளி ஒருவன் ஓடி வந்து அவர் தலையைத் தடவினான். தலையைத் தொட்டால் அவருக்குப் பிடிக்காது போலிருக்கிறது, அவனைத் துரத்திக்கொண்டு ஓடினார்.

"முழங்கால் போட்டு அடிக்கறது சர்க்கஸ்," என்றான் கார்மைன்.

ஜெரி நண்டுக் காலைக் கடித்தபடி கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சர்க்கஸோ என்னவோ," என்றாள். "இன்னொரு தடவ போடு கண்ணு. பிடிக்கறது இருந்தா அதையும் போடு."